ஏட்டிலும் வீட்டிலும் சதுர அலை

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிற் பேச வருபவர் சமயம், ஒழுக்கம், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வதே இச்சங்கத்தின் வழக்கம். ஆனால் செயலாளர் நம்மிடம் வந்தபோது வேறொன்றைக் கேட்டார். “வாசிகசாலைக்கு ஓர் இன்வேட்டர் வாங்க எண்ணியிருக்கிறோம். கடையில் இரண்டு வகை காட்டுகிறார்கள். ஒன்று மலிவு, மற்றது விலை கூட. மலிவான பெட்டியில் திருத்திய சைன் அலை என்று எழுதியிருக்கிறது. மற்றதில் தூய சைன் அலை என்று எழுதியிருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் இரண்டும் நல்ல சாமான் என்கிறார். பௌதிகம் படிக்கிற நீங்கள் இதை எங்களுக்கு விளங்கப்படுத்தக் கூடாதா?” என்றார். சங்கத்துப் பணம் என்பது வீடு வீடாகச் சென்று சேர்த்த பணம். அதனால் இக்கேள்வியைச் சிறியதென்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சொல்லுவர். இந்தச் சுரைக்காய் கறிக்கு உதவுகிறதா என்று இன்று பார்ப்போம்.

மின்சாரம் இல்லாமல் வாழ்வது வன்னிக்குப் புதிய அனுபவமன்று. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திலும் வன்னியின் பெரும்பகுதியிலும் மின்கம்பங்கள் இருந்தன, மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தை இங்கே இருக்கும் பெரியோர் நம்மிலும் நன்றாக அறிவார்கள். ஒருவர் மிதிக்க, நாலுபேர் சுற்றியிருந்து கேட்பார்களாம். போர் 2009இல் முடிந்து கம்பிகள் மீண்டும் வந்தன. பின்னர் 2022ஆம் ஆண்டு எரிபொருள் வாங்க நாட்டிடம் பணமில்லாமற் போய், மார்ச் 31ஆம் திகதி நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்ற நிலை ஏற்பட்டது. அவ்வருடந்தான் நம் ஊரிலும் பற்றரியும் இன்வேட்டரும் பலர் வீட்டுக்குள் நுழைந்தன. மாணவர் படிப்புக்கென்று வாங்கிய பெட்டி மின்விசிறியை உறும வைத்ததும், புதிய மின்குமிழ்கள் ஒரு மாதத்திற் கருகியதும் பல வீடுகளிற் கேட்ட முறைப்பாடு. அந்த உறுமலின் பெயர்தான் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், கம்பியால் வரும் மின்சாரம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு ஐம்பது தடவை அது ஒரு பக்கமும் மறுபக்கமுமாக ஆடிவருகிறது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு கணம் தயங்கி நிற்கும். நடுவில் விரைந்து செல்லும். மறு உச்சியில் மீண்டும் தயங்கும். அந்த ஆட்டத்தை நேரத்துக்கெதிரே வரைந்தால் வரும் வளைவே சைன் அலை. மின்னிலையத்திற் பெரிய சக்கரம் சீராகச் சுழல்வதனால் பிறப்பது அந்த வளைவு. 230 என்று நாம் சொல்லும் எண் அதன் உச்சமன்று. அதே வெப்பத்தைத் தரக்கூடிய நேரோட்டத்தின் அளவு. அதைப் பயன்படு பெறுமானம் என்று இங்கே அழைப்போம். உச்சம் 325 வோல்ற்று. இந்த 325ஐ ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பற்றரியோ ஆடாதது. அது ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். அதை ஆடவைக்க மிக இலகுவான வழி, ஆளிகளால் அதன் இரு முனைகளையும் செக்கனுக்கு நூறு தடவை மாற்றி மாற்றிப் போடுவது. மேலே, கீழே, மேலே, கீழே. தயக்கமுமில்லை, விரைவுமில்லை, ஒரே குதி. இதை வரைந்தால் கோட்டை மதில் போல வரும். இதுதான் சதுர அலை. முதலிற் கடைக்கு வந்த மலிவான இன்வேட்டர்கள் செய்ததெல்லாம் இதை நிலைமாற்றியொன்றினால் 230 வோல்ற்றுக்கு உயர்த்தியதுதான்.

இனி ஏட்டுக்கு வருவோம். 1807ஆம் ஆண்டு பிரான்சியரான ஜோசப் பூரியே என்பவர் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரையைப் பாரிசிலுள்ள அறிஞர் கழகத்துக்கு அளித்தார். நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்று திரும்பி, கிரனோபிள் பகுதியின் நிர்வாகியாக இருந்தவர் அவர். உத்தியோகத்துக்கிடையே கணிதம் செய்தார். மீண்டும் மீண்டும் வரும் எந்த வடிவத்தையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவர் கூற்று. மூலையுள்ள வடிவத்தை மூலையே இல்லாத வளைவுகளாற் கட்டுவதா என்று லக்ராஞ்சி என்னும் பெருங் கணிதர் எதிர்த்தார். கட்டுரை அச்சேறவில்லை. 1822இல் பூரியே தம் கொள்கையைத் தனி நூலாகவே வெளியிட்டார். அவர் சொன்னபடி, சதுர அலை இவ்வாறு ஆனது: 50 ஹேர்ட்ஸில் ஒரு சைன் அலை, 150இல் அதன் மூன்றிலொரு பங்கு வீச்சமுள்ள ஓர் அலை, 250இல் ஐந்திலொரு பங்கு, 350இல் ஏழிலொரு பங்கு, இப்படியே முடிவின்றி. முதல் அலை அடிப்படை அலை. அதன் முழு மடங்குகளாக வரும் ஏனையவற்றைப் பாடப்புத்தகம் இசையங்கள் என்கிறது.

100, 200, 300 ஆகிய இரட்டைப்படை மடங்குகள் ஏன் இல்லை? சதுர அலையின் முதற்பாதி மேலே எப்படியோ, இரண்டாம் பாதி கீழே அப்படியே. ஆனால் இரட்டைப்படை இசையம் எதுவாயினும் முதற்பாதியிற் செய்ததையே இரண்டாம் பாதியிலும் திருப்பிச் செய்யும், தலைகீழாகாது. தலைகீழாக மறுக்கும் குடும்பத்தில் அப்படியே ஒப்பிச் சொல்லும் பிள்ளைக்கு இடமில்லை. ஒற்றைப்படைகளே தங்கும்.

இதைக் கடதாசியும் பென்சிலும் வைத்துச் சரிபார்க்கலாம். உயரம் 100 உள்ள சதுர அலையின் மேற்பாதியில் நடுப்புள்ளியை எடுங்கள். அடிப்படை அலை மட்டும் அங்கே 127 காட்டும், அதிகம். மூன்றாம் இசையத்தைச் சேர்த்தால் 85, குறைவு. ஐந்தாவதைச் சேர்த்தால் 110. ஏழாவதும் சேர 92. ஒன்பதாவதும் சேர 106. மேலும் கீழுமாக ஆடி ஆடி நூறை நோக்கி வருகிறது. இந்தக் கூட்டல் உள்ளே எப்படிப்பட்டது தெரியுமா? ஒன்று, கழி மூன்றிலொன்று, கூட்டு ஐந்திலொன்று, கழி ஏழிலொன்று என்று போகும் தொடர். அதன் முடிவு ‘பை’யின் நாலிலொரு பங்கு. ஐரோப்பாவில் இத்தொடர் 17ஆம் நூற்றாண்டில் லைப்னிற்சின் பெயரைப் பெற்றது. அதற்கு முன்னரே, 14ஆம் நூற்றாண்டில், கேரளத்துச் சங்கமக்கிராமத்து மாதவர் இதைக் கண்டிருந்தார். அவர் வழிவந்த ஜேஷ்டதேவர் ‘யுக்திபாஷை’ என்ற மலையாள நூலில் 16ஆம் நூற்றாண்டில் விளக்கமும் எழுதிவைத்தார். மாதவருக்கு மின்சாரமோ சதுர அலையோ தெரிந்திருந்தது என்று யாரும் மேடையில் முழங்கிவிட வேண்டாம். அவர் வட்டத்தின் சுற்றளவைத் தேடினார். தேடியது கிடைத்தது, நமக்கும் வந்து உதவுகிறது. அந்தளவே போதிய பெருமை.

ஏட்டில் ஒரு சிறு சிக்கல் உண்டு. எத்தனை இசையங்களைச் சேர்த்தாலும் குதியின் ஓரத்திலே வளைவு சற்று மேலெழும்பி நிற்கும். அந்த எழும்பல் குதியின் உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு. இசையங்கள் கூடக் கூட அது ஒடுங்கி ஓரத்தோடு ஒட்டுமேயன்றி உயரங் குறையாது. 1848இல் வில்பிரகாம் என்பவர் இதை எழுதினார்; கவனிப்பார் இல்லை. பின்னர் 1899இல் அமெரிக்கரான கிப்ஸ் விளக்கியபடியால் அவர் பெயரே நிலைத்தது. உலகத்தில் இதுவும் நடக்கும்.

இது கண்ணுக்குக் கணக்கு. காதுக்கோ இது சங்கீதம். நாம் படித்த மிஷன் பாடசாலையிற் பௌதிகம் கற்பித்த பாதிரியார் ஒரு முனை மூடிய மூங்கிற் குழாயைக் கொண்டுவந்து அதன் வாயில் ஊதுவார். மெல்ல ஊதினால் ஒரு சுரம். அழுத்தி ஊதினால் அதன் மேல் ஸட்ஜம் வரவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். வராது. மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும். மூடிய குழாய்க்கு இரண்டாம் இசையம் இல்லை, மூன்றாவதே உண்டு என்பதைப் பலகையில் எழுதாமலே காட்டிவிடுவார். ஐந்தாம் இசையம் அதற்கும் மேலுள்ள ஸ்தாயியின் அந்தர காந்தாரம். நல்ல தம்புராவை மீட்டினால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானே எழுவதைக் கேட்டிருப்பீர்கள். அது மந்தரத் தந்தியின் ஐந்தாம் இசையம். ஆக, சதுர அலையினுள் ஸ, ப, க மூன்றும் இருக்கின்றன. ஆனால் தம்புராவில் அது இன்பம். மின்விசிறியில் அது தொல்லை.

மிருதங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணத் தோலடித்தால் வரும் மேற்றொனிகள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக இரா. அதனாலேதான் பல மேளங்களுக்குச் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் நடுவே பூசிய கரிய சோறு அந்த மேற்றொனிகளை இழுத்துவந்து முழு மடங்குகளாக நிறுத்துகிறது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர். சி. வி. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் விரிவாக ஆராய்ந்து, தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து இசையங்களாகக் கூடிவிடுகின்றன என்று காட்டினார். இடையே 1930இல் வேறொரு கண்டுபிடிப்புக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிருதங்கம் கட்டிய கைகளுக்கு எவரும் பரிசு கொடுக்கவில்லை. சோற்றை எந்த அளவிற் பூசுவது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காதாலேயே கண்டு வைத்தவர்கள் அவர்கள்.

இனி வீட்டுக்குள் போவோம். சதுர அலை வந்தால் எந்தச் சாமானுக்கு என்ன ஆகும்?

இழை மின்குமிழுக்கும் மின்னழுத்திக்கும் ஒன்றுமில்லை. அவற்றுக்கு வெப்பமே கணக்கு. 230 வோல்ற்று என்று கொடுத்தால் எந்த வடிவத்தில் வந்தாலும் ஒரே சூடு. அந்தச் சூட்டில் நூற்றுக்கு 81 பங்கு அடிப்படை அலை தருவது. மிகுதி 19 பங்கு இசையங்கள் தருவது. மின்னழுத்தி வேறுபாடு பார்ப்பதில்லை.

மோட்டர் பார்க்கும். மோட்டரைச் சுழற்றும் வேலையைச் செய்வது 50 ஹேர்ட்ஸ் அலை மட்டுமே. 230 வோல்ற்றுச் சதுர அலையில் அந்த அடிப்படை அலையின் பங்கு 207 வோல்ற்று. மோட்டரின் முறுக்குவிசை வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்றபடி நிற்பதால், கிடைப்பது 81 பங்கு விசை. மிகுதி இசையங்கள் சுழற்றுவதற்கு உதவாமல் இரும்பையும் செம்பையும் சூடாக்குகின்றன, தகடுகளை உதறுகின்றன. கம்பி மின்சாரத்திற்கூட மோட்டர் செக்கனுக்கு 100 தடவை மெல்ல முனகும். சதுர அலையில் அதனோடு 200, 300, 400 என்றெல்லாம் சேர்ந்துகொள்ளும். அதுதான் நீங்கள் கேட்ட உறுமல். விசிறியில் பிசாசு புகவில்லை.

எல்லாவற்றிலும் பரிதாபத்துக்குரியது கொள்ளளவி. கடையிற் கப்பாசிற்றர் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அது. இங்கே ஏட்டுக் கணக்கு மிக அழகாக வேலை செய்கிறது. கொள்ளளவியூடாகச் செல்லும் ஓட்டம் மீடிறனுக்கு ஏற்றபடி கூடும். மூன்றாம் இசையத்தின் வீச்சம் மூன்றிலொன்று, மீடிறன் மும்மடங்கு. பெருக்கினால் ஒன்று. ஐந்தாவது ஐந்திலொன்று, மீடிறன் ஐந்து மடங்கு, மீண்டும் ஒன்று. ஆகவே ஒவ்வோர் இசையமும் அடிப்படை அலை அனுப்பும் அளவு ஓட்டத்தையே அனுப்பும். ஏட்டின்படி முடிவில்லாத ஓட்டம்! நடைமுறையில் எந்த ஆளியாலும் முற்றிலும் செங்குத்தாகக் குதிக்க முடியாது. கம்பிக்கும் தடை உண்டு. ஆதலால் மிக உயர்ந்த இசையங்கள் வழியிலேயே மடிந்துவிடும். எனினும் எஞ்சியவையே கொள்ளளவியைச் சுடப் போதுமானவை. மலிவான எல்.ஈ.டி. குமிழ்கள் பலவற்றினுள்ளே ஓட்டத்தை மட்டுப்படுத்துவது ஒரு சிறு கொள்ளளவிதான். புதிய குமிழ் ஒரு மாதத்திற் கருகிய வீட்டாருக்கு இப்போது காரணம் விளங்கும்.

கம்பிச் சுருளோ இதற்கு நேர்மாறு. மூன்றிலொன்றை அது மேலும் மூன்றால் வகுத்து ஒன்பதிலொன்றாக்கும், ஐந்திலொன்றை இருபத்தைந்திலொன்றாக்கும். மூலையை மழுப்பிவிடும். கொள்ளளவி சண்டையைப் பெருப்பிக்கும் அயலவர் என்றால், சுருள் சமாதானம் பேசும் அயலவர். இரண்டையும் ஏற்றபடி சேர்த்தால் வடி ஒன்று அமைக்கலாம். அதைப் பின்னர் காண்போம்.

இப்பொழுது செயலாளர் கேட்ட ‘திருத்திய சைன் அலை’. சதுர அலைப் பெட்டிகளின் மீது முறைப்பாடு வந்தபோது தயாரிப்பாளர் செய்தது இது: மேலே, பூச்சியம், கீழே, பூச்சியம். இரண்டு குதிகளுக்கிடையே ஓர் இளைப்பாறல். ஒவ்வோர் அரைச் சுற்றிலும் பாதி நேரம் 325 வோல்ற்று, பாதி நேரம் ஒன்றுமில்லை. இப்படிச் செய்தால் உச்சமும் 325, பயன்படு பெறுமானமும் 230. இரண்டும் கம்பி மின்சாரத்தைப் போலவே வந்துவிடும். உச்சத்தைப் பார்த்து வேலைசெய்யும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் வானொலிக்கும் இது உண்மையான நன்மை. வெறும் சதுர அலையில் உச்சம் 230 மட்டுமே என்பதை நினைவிற் கொள்க.

ஆனால் இசையங்கள்? இதை நாம் கணக்கிட்டுப் பார்த்தபோது சற்றுத் திகைத்தோம். பாதி நேரம் என்ற அந்த அளவில், அடிப்படை அலை மீண்டும் 207 வோல்ற்று. மூன்றாம் இசையம் அதில் மூன்றிலொன்று. ஐந்தாவது ஐந்திலொன்று. ஏழாவது ஏழிலொன்று. சதுர அலைக்கும் இதற்கும் இசையங்களின் அளவில் ஒரு வித்தியாசமும் இல்லை! எது மேல்நோக்கிப் புறப்படுகிறது, எது கீழ்நோக்கி என்ற ஒழுங்கே மாறியிருக்கிறது. அதனால் வரைபடம் வேறு மாதிரித் தெரிகிறது. மோட்டருக்குப் படம் தெரியாது, இசையந்தான் தெரியும். சட்டையை மாற்றிக்கொண்டு அதே ஆள் வந்திருக்கிறான். பெட்டியில் ‘திருத்திய சதுர அலை’ என்று எழுதியிருந்தால் நாம் ஒன்றும் சொல்லமாட்டோம். சைன் என்ற பெயரை இதற்கு இட்டவருக்குத் துணிச்சல் அதிகம்.

இளைப்பாறலைக் குறைத்து, அரைச் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓட்டம் இருக்கும்படி செய்தால் மூன்றாம் இசையம் முற்றாக அழிந்துபோகும். இசையங்களின் மொத்தச் சுமை, அடிப்படை அலையோடு ஒப்பிட, நூற்றுக்கு 48இலிருந்து 31க்கு இறங்கும். அப்பொழுது 230 வோல்ற்றுக்கு உச்சம் 282 மட்டுமே. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. மேலும், பற்றரி இறங்க இறங்க இப்பெட்டிகளிற் பல இந்த நேர அளவைத் தாமே மாற்றிக்கொள்வன. மாலையில் ஒருவிதமாகவும் நடுச்சாமத்தில் வேறுவிதமாகவும் விசிறி முனகுவதற்கு அதுவே காரணம்.

மின்வேலை தெரிந்த நண்பர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. கையிலுள்ள மலிவான அளவுமானி சராசரியை அளந்து, சைன் அலை என்று எண்ணிக்கொண்டு 1.11ஆற் பெருக்கிக் காட்டுவது. சரியாக 230 வோல்ற்றுத் தரும் திருத்திய அலைப் பெட்டியில் அது 180 என்று காட்டும். “வோல்ற்று காணாது” என்று பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் திருகியை, மானி 230 காட்டும்வரை திருப்பினால், உச்சம் 415 வோல்ற்றுக்குப் போய்விடும். அதன்பின் செருகும் முதற்சாமான் அன்றே போகும். மானி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே மொழியிற் படித்துச் சொன்னது. உண்மைப் பயன்படு பெறுமானத்தை அளக்கும் மானிகள் சற்று விலை கூட. அதில் ஒன்றைச் சங்கம் வாங்கி ஊருக்குப் பொதுவாக வைத்திருக்கலாம் என்பது நமது கோரிக்கை.

தூய சைன் அலைப் பெட்டி என்ன செய்கிறது? இதுதான் இந்தக் கதையில் நமக்கு மிகப் பிடித்த இடம். அதனுள்ளும் இருப்பது ஆளிகள்தான். அதுவும் சதுரங்களையே வெட்டுகிறது. ஆனால் செக்கனுக்கு ஐம்பதல்ல, ஏறக்குறைய 20,000 தடவை. ஓர் அரைச் சுற்றுக்குள் 200 சிறு துடிப்புகள். தொடக்கத்தில் ஒடுக்கமான துடிப்புகள், நடுவில் அகன்றவை, முடிவில் மீண்டும் ஒடுக்கம். சராசரி பார்த்தால் சைன் வளைவு. சதுரத்தைச் சைன்களாற் கட்டலாம் என்றார் பூரியே. பொறியியலாளர் சைனைச் சதுரங்களாற் கட்டிவிட்டார்கள். இதில் இலாபம் என்னவென்றால், வேண்டாத இசையங்கள் எல்லாம் 20,000 ஹேர்ட்ஸுக்கு அப்பால் ஓடிப்போய் நிற்கின்றன. ஐம்பதுக்கும் அவற்றுக்கும் நானூறு மடங்கு தூரம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருளும் ஒரு கொள்ளளவியும் அவற்றை வடித்து எடுத்துவிடும். மலிவுப் பெட்டியின் அலையையும் வடிக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே மூன்றாம் இசையம் 150இல், அடிப்படையின் வீட்டு வேலியோரத்திலேயே நிற்கிறது. அதைத் தடுத்து 50ஐ மட்டும் விட, ஆள் தூக்க முடியாத இரும்புச் சுருள் வேண்டும். நெல்லோடு கலந்த பதரைத் தூற்றுவது சுலபம். நெல்லோடு கலந்த வேறு நெல்லைப் பிரிப்பது கடினம். மேலதிக விலை போவது அந்த விரைவான ஆளிகளுக்கும் அவற்றை நடத்தும் சிறு மூளைக்கும்.

இன்வேட்டர் இல்லாத வீட்டிலும் சதுர அலை உண்டு. திருவிழாக் காலத்திற் கோயிற் கோபுரத்தருகே கட்டும் ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். ஒலிவிரியாக்கி தன் எல்லைக்கு மேலே போகமுடியாது. குமிழை முழுதாகத் திருகினால், வரும் அலையின் தலையும் காலும் வெட்டுண்டு தட்டையாகும். சைன் சதுரத்தை நோக்கிப் போகும். நாதசுரத்தின் குழைவு கரகரப்பாவது அப்போதுதான். அதே உச்சமுள்ள சதுர அலையின் வலு சைன் அலையின் வலுவைப்போல் இருமடங்கு. 100 வாற்று என்று எழுதிய கருவி 200ஐ அண்டித் தள்ளக்கூடும். புதிதாய்ப் பிறந்த உயர்ந்த இசையங்கள் யாவும் பெட்டியிலுள்ள மிகச் சிறிய, மென்மையான ஒலிவாங்காத அந்த மேற்சுரக் கூம்புக்கே போய்ச் சேரும். அது எரிந்துபோனால், கருவி சிறியது, இன்னும் பெரியது வேண்டும் என்று உபயகாரரிடம் கேட்கிறோம். குமிழை ஒரு கால் பங்கு குறைத்திருந்தால் போதும். தேவாரத்தின் சொல்லும் விளங்கியிருக்கும்.

வாசிகசாலைக்கு வருவோம். ஆறு விளக்கு, இரண்டு விசிறி, கைத்தொலைபேசி மின்னேற்றிகள், ஒரு கணினி: இதுவே தேவை என்று பட்டியல் தந்தார்கள். மின்னேற்றிகளும் கணினியும் 100 முதல் 240 வோல்ற்று வரை எதையும் ஏற்கும் வகையாயின், திருத்திய அலை போதும். விசிறி இருப்பதால் போதாது. ஆனால் மூன்றாவது வழியொன்றைக் கடைக்காரர் காட்டவில்லை. சூரியத் தகட்டோடு விற்கும் 12 வோல்ற்று எல்.ஈ.டி. விளக்குகளும் 12 வோல்ற்று நேரோட்ட விசிறிகளும் உண்டு. அவற்றைப் பற்றரியிலேயே நேராகக் கொழுவலாம். கம்பி மட்டும் தடிப்பாக இருக்கவேண்டும். 60 வாற்றுக்கு 12 வோல்ற்றில் 5 அம்பியர் ஓடும். அலையே இல்லாதபோது இசையம் எங்கிருந்து வரும்? கணினிக்கென்று மட்டும் ஒரு சிறிய தூய சைன் பெட்டி வாங்கினாற் போதும். மொத்தச் செலவு மலிவுப் பெட்டியோடு ஏறக்குறைய ஒத்துவரலாம். செயலாளர் விலை விசாரித்து அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும்.

பேச்சு முடிந்தபின் பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, வாசிகசாலை சரி. என்ரை தோட்டக் கிணத்து மோட்டருக்கு எந்தப் பெட்டி நல்லது?” என்று கேட்டார். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போதே 12 வோல்ற்றுப் பற்றரியில் 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு கேட்கும். திருத்திய அலையில் 81 பங்கு விசையோடு தொடங்கமுடியாமல் நின்று உறுமிச் சுருளை எரித்துக்கொள்ளும். தூய சைன் பெட்டி தாங்கினாலும் பற்றரி தாங்காது என்று சொன்னோம். “அப்ப கறண்ட் இல்லாத நேரம் என்ன செய்யிறது?” என்றார். மின்சாரம் இருக்கும்போது இறைத்து உயரத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம் என்றோம். தொட்டி கட்டி ஆறு மாதமாகிறது, குழாய் பூட்டுவதுதான் மிச்சம் என்று சொல்லி அவர் அமர்ந்தார்.